கடையில் ஓடும், யூனிட்டில் ஓடாது

கழற்றி மாட்டிப் பிழைக்கும் என் இனத்தாரே, கெட்டுப்போன சாமானைவிட, நம்மைக் கண்டதும் ஒழுங்காகிவிடும் சாமான்தான் உயிரை வாங்கும்.

எம்பிராய்டரி மிஷின்காரர்கள் ஃபிளாப்பியோடு மல்லுக்கட்டிய காலம். மைக்ரோகன்ட்ரோலர் சிப்பும் மெமரி கார்டும் வைத்து ஒரு பெட்டி செய்தேன். யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் டிசைனை ஏற்றி, மிஷினில் மாட்டினால் பனியனில் பூ விழும். முதல் பெட்டி எங்கள் பனியன் ஊரிலேயே, ராயபுரம் செல்வியக்காவின் எம்பிராய்டரி யூனிட்டுக்குப் போனது.

டிஸ்க் எங்கே?

ஒரே வாரத்தில் போன். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் டிரைவ் தெரிகிறது. திறந்தால் டிஸ்க்கைச் செருகச் சொல்கிறது. கார்டு உள்ளேதான் இருக்கிறது! கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், தலையைச் சொறிந்தேன். அக்காவுக்கோ வெள்ளிக்கிழமை, பனியன் வாங்கும் கம்பெனியின் பையர் ஆபீஸ் ஆள் வருகிறார். அவர் எதிரில் சேம்பிள் ஓடியாக வேண்டும். “ஏனுங்க தம்பி, அன்னிக்கி ஓடலீன்னா ஆர்டரு வேற யூனிட்டுக்குப் போயிருமுங்க!”

என் மேசையில் மட்டும்

பெட்டியைக் கடைக்குத் தூக்கிவந்து கார்டைக் கழற்றி மாட்டினேன். ஓடியது. நம்பாமல் புரோகிராமையே மாற்றி எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தால் அன்று ஓடும், மறுநாள் காலை படுத்துக்கொள்ளும். கரண்டு, எர்த்து, ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன். அக்கா சொன்னார்: “கடைய இங்கயே கொண்டாந்து போட்டுருங்க தம்பி, அதுக்கு உங்க ஊட்டு நெனப்பு வந்துருதாட்டம் இருக்குதுங்க.”

வெள்ளிக்கிழமை காலை

ஷிப்ட் தொடங்குமுன்பே போய் உட்கார்ந்தேன். ஆபரேட்டர் ஜெபராஜ் திருநெல்வேலிப் பக்கம்; வேலையில் படுசுத்தம். வந்ததும் எண்ணெய்க் குப்பியோடு மிஷின் மிஷினாகச் சொட்டு விட்டார். இங்கே எந்த யூனிட்டிலும் அப்படித்தான் நாள் தொடங்கும். அப்படியே என் பெட்டிக்கும் வந்து, கார்டை உருவி, அதன் தங்கநிறப் பட்டைகளில் ஒரு சொட்டு விட்டுச் செருகினார்!

பாய்ந்துபோய்க் கார்டை உருவிப் பார்த்தால், தினமும் விட்ட எண்ணெயில் பனியன் பஞ்சு ஒட்டிப் பொந்தெல்லாம் பசையாகியிருந்தது. கடையில் கார்டைக் கழற்றினால் சட்டையில் துடைப்பது என் பழக்கம். அதனால்தான் அங்கே மட்டும் ஓடியிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கார்டையும் அதன் பொந்தையும் துடைத்து மாட்டினேன். பையர் ஆள் பார்க்கப் பார்க்கப் பூ விழுந்தது; ஆர்டர் அக்காவுக்கே. ஜெபராஜுக்குத்தான் மனசு ஆறவில்லை: “எல்லா மிஷினுக்கும் எண்ணெய் விடுதேன், இதுக்கு மட்டும் எப்படிண்ணே விடாம இருக்க முடியும்?”

அன்று முதல் பெட்டியின் மேல் ‘எண்ணெய் விடக் கூடாது’ என்று ஒட்டி அனுப்பினேன். பல்லடத்தில் அதைப் படித்துவிட்டு கிரீஸ் தடவினார்கள்.