ரோஸியின் சீட் பெல்ட்

சிமெண்டுத் தரையை நகங்கள் 'பரக் பரக்' என்று பிராண்டும் சத்தத்தில்தான் அந்த வருஷம் எனக்குத் தினமும் விடிந்தது. செம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த கீழ்வீட்டு வாசலில், ஐந்தரை மணிக்கே எங்கள் நாய் ரோஸிக்கு இருப்புக்கொள்ளாது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த எனக்கும் அப்படித்தான். சாப்பிடும்போதுகூடக் காலாட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "உன் கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்பாள் அம்மா.

கழுத்துப்பட்டியில் சங்கிலி மாட்டி வெளியே அழைத்துப்போனால், ரோஸி இருமிக்கொண்டே ஆளை இழுக்கும். அம்மா இரண்டு முறை விழுந்தாள். மாடியில் இருந்த 'ஹவுஸ் ஓனர்' மாமா, முழுப் பரீட்சை முடிவதற்குள் நாய் ஒழுங்காக நடக்கவேண்டும், இல்லாவிட்டால் அது வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படப்பையில் தோட்டம் வைத்திருந்த நண்பரிடம் ரோஸியைக் கொடுத்துவிட அப்பா பேசியும் வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு மறைமலை நகரில், கார்களுக்கு சீட் பெல்ட் செய்யும் தொழிற்சாலையில் 'இன்ஸ்பெக்ஷன்' வேலை. தையல் பிசகியதை, பக்கிள் கீறியதைப் பார்த்துக் கழிப்பார். அப்படிக் கழித்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து எனக்குத் தந்தார். ரோஸியின் நெஞ்சையும் தோளையும் சுற்றி வரும்படி அதைத் தைக்கச் சொல்லி, பை ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "இன்னா பாப்பா, நாயைக் கார்ல குந்த வைக்கப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு கயிறு என் இடுப்புக்கு. இழுப்பதை நிறுத்த முடியாது, இழுத்தே தீர்க்கட்டும் என்பது என் திட்டம்.

பலித்தது. காலையில் ஏரிக்கரை மண்ணில் அது இழுக்க இழுக்க, தரையில் கால் பாவாமல் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பச்சைமலையில் ஏறுவோம். அப்பா மூச்சு வாங்கியபடி பின்னால் வருவார். திரும்பும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கழுத்துப்பட்டியை மாட்டினால் அதே நாய் பூனை மாதிரி நடக்கும். பெல்ட் என்றால் இழு, பட்டி என்றால் நட. இரண்டே மாதத்தில் ரோஸிக்கு அது புரிந்துவிட்டது.

மாமா வந்து பார்ப்பதாகச் சொன்ன காலையில் நான் ரோஸியைக் குளிப்பாட்டினேன். அழுக்காகிவிடுமே என்று ஓடவும் கூட்டிப்போகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். துவைத்துப் பளபளவென்று இருந்த பெல்ட்டைப் பார்த்ததும், நான் செய்ததை மாமாவும் பார்க்கட்டுமே என்று புத்தி போயிற்று. மாட்டிவிட்டு என் பின்னலுக்கு ரிப்பன் கட்ட உள்ளே ஓடினேன். அதற்குள் அப்பா வந்து கயிற்றைப் பிடிக்க, மாமா கேட்டைத் திறக்க, ரோஸி பாய்ந்த பாய்ச்சலில் இரண்டு பேரும் வாசல் கோலத்தின்மேல் விழுந்தார்கள். மாமாவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது.

"யார் இந்தக் கண்றாவியை மாட்டினது?" என்றார் மாமா.

"நான்தான் சார். தெரியாம மாட்டிட்டேன்" என்றார் அப்பா.

பாதி கட்டிய ரிப்பனோடு நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு ரோஸி படப்பைக்குப் போனது. இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். பிறகு நண்பர் தோட்டத்தை விற்றுவிட்டு எங்கோ போய்விட, சேதியும் நின்றது.

இன்று அந்த ஏரிக்கரையில் மண் இல்லை, நடைபாதைக் கல் பதித்திருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை. நான் இன்னும் தினமும் ஓடுகிறேன், இடுப்பில் ரோஸியின் பெல்ட்டோடு. போன வாரம் ஓடிவிட்டு வந்து ஷூவைக் கழற்றும்போது, அன்றைக்கு ரோஸிக்கு பெல்ட்டை மாட்டியது நான்தான் என்று அப்பாவிடம் ஒருவழியாகச் சொன்னேன்.

"தெரியும்மா. பக்கிள் தலைகீழா இருந்துச்சு, நீதான் அப்படி மாட்டுவ" என்றார் அப்பா, செய்தித்தாளை மடித்தபடி. "அது இழுக்கும்னு தெரிஞ்சுதான் கயித்தைப் பிடிச்சேன். ஆசையா மாட்டியிருந்த. கழட்ட மனசு வரல."

வாழ்க்கை முழுக்கப் பிசகைப் பார்த்துப் பார்த்துக் கழித்த மனுஷர் அவர். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு ஏரிக்கே போனேன்.