சுசீலாவை இரண்டாம் முறை பெண் பார்த்த கதை

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் சுசீலா நாவல் படித்த மாதிரி வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். பின்பாதியை முதலில் படிப்பாள். முன்பாதியைக் கடைசியில் படிப்பாள். அவளாக விரும்பிப் பழகிய பழக்கம் அல்ல அது. பக்கத்து வீட்டுப் புஷ்பாவால் வந்த வினை.

புஷ்பா திருநெல்வேலிக்காரி. அவள் புருஷன் பால்ராஜும் சுசீலாவின் புருஷன் வீரராகவனும் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில், அதாவது ஒரே பிரிவில், வேலை செய்தார்கள். இரண்டு பெண்களும் பங்கு போட்டு ஸ்டேஷன் வாசல் கடையில் மாதம் ஒரு காதல் நாவல் வாங்கினார்கள். முதல் நாவலை முதலில் படிக்கட்டும் என்று புஷ்பாவிடம் கொடுத்ததுதான் தப்பு. மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "யக்கா, கடைசியில அந்த டாக்டரத்தான் கட்டிக்கிடுதா" என்று சொல்லிவிட்டாள். சுசீலா கோபித்துக்கொண்டதும், இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். செய்த கையோடு, டாக்டரின் அம்மாவுக்குக் காலில் அடிபடுவதையும் சொல்லிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கதை அவள் வயிற்றில் தங்காது.

அடுத்த மாதம் சுசீலா ஒரு பழைய பிளேடை எடுத்து நாவலை நடுவில் அறுத்தாள். முன்பாதி புஷ்பாவுக்கு, பின்பாதி தனக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. முடிவு தெரியாத புஷ்பாவால் யாருக்கும் ஆபத்து இல்லை.

ஆரம்பத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யாரோ ஒருத்தி யாருக்காகவோ அழுதாள், யாரோ மன்னிப்புக் கேட்டான், மேளம் கொட்டியது. ஆனால் முன்பாதி கைக்கு வந்தபோது சுசீலாவுக்கு வேறொரு ருசி பிடிபட்டது. கையில் ஒரு பெட்டியோடு தெரியாத ஊரில் அந்தப் பெண் ரயிலை விட்டு இறங்குவாள். கேட்டுக்குள் நிற்கும் சிடுமூஞ்சி, யார் நீ என்று அதட்டுவான். அவளுக்காகப் பிற்பாடு அவன் என்ன பாடுபடப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியாது, சுசீலாவுக்குத் தெரியும். பயப்படாதே பொண்ணே, உள்ளே போ என்று காதோடு சொல்ல வேண்டும் போல இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் நாவல் கல்யாணத்தில் முடிந்தது. சுசீலாவுக்கு எல்லா நாவலும் ஒரு ரயில் வந்து நிற்பதில் முடிந்தது. அதுதான் நல்ல முடிவு என்று அவள் நினைத்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி அப்போது பத்தொன்பது வருஷம். ஒரே மகன் உத்தமன் சேலத்தில் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தான். வீரராகவன் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பேசவும் மாட்டார். காப்பி வேண்டுமென்றால் இருமுவார். சோறு வேண்டுமென்றால் இரண்டு முறை இருமுவார்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் சுசீலாவுக்குக் காது வலித்தது. ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வருஷம்தான் குடும்பத்தாருக்கெல்லாம் புது கார்டு போட்டிருந்தார்கள். பெயர் விவரமெல்லாம் புருஷன்மார்கள் ஷாப்பிலேயே சொல்லி எழுதிக்கொடுத்தது. நர்ஸ் வெளியே வந்து, "சரோஜா வீரராகவன்" என்று கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தன் புருஷன் பெயரோடு வேறு பெண் பெயரைக் கேட்டதும் சுசீலா திரும்பிப் பார்த்தாள். தூணோரம் நீலப் புடவை கட்டிய சிவப்பான ஒருத்தி கொண்டையைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஓகோ, இவள்தானா என்று சுசீலா அவளைத் தலை முதல் கால் வரை அளந்தாள். நர்ஸ் இன்னும் இரண்டு முறை கத்திவிட்டு அடுத்த கார்டை எடுத்தாள். நீலப் புடவை சாமர்த்தியக்காரிதான், தன்னைப் பார்த்ததும் பதுங்குகிறாள் என்று சுசீலா நினைத்தாள். கூட்டமெல்லாம் போன பிறகு உள்ளே போய் விசாரித்தபோது நர்ஸ் கார்டை நீட்டினாள். வீட்டு நம்பர் இவளுடையது. வயது இவளுடையது. பிள்ளை உத்தமனும் இவள் பெற்ற பிள்ளைதான். பெயர் மட்டும் வேறொருத்தியுடையது.

சாயங்காலம் வீரராகவன் இரண்டு முறை இருமினார். சுசீலா சோற்றைப் போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு எதிரில் நின்றாள்.

"யாரு சரோஜா?"

"சரோஜாவா? எங்க ஷாப்ல கீது" என்றார் அவர், பொரியலைப் பிசைந்துகொண்டே.

"எத்தினி வருஷமா?"

"அது ஆச்சு பத்து பன்னெண்டு வருஷம். நான் கை வெச்சாத்தான் ஒழுங்கா ஓடும். வேற எவன் தொட்டாலும் மக்கர் பண்ணும்."

கரண்டி இருந்த உயரத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ தப்பாகப் போவது உறைத்தது. சரோஜா என்பது ஒரு பழைய டிரில்லிங் மிஷின். ரிட்டையராகிப் போன யாரோ ஒருவர் வைத்த பெயர். நாள் முழுக்க ஷாப்பில் அதே பேச்சுதான்: சரோஜாவுக்கு எண்ணெய் விட்டாச்சா, சரோஜா இன்றைக்குக் கத்துகிறது பார். கார்டுக்கு எழுத வந்த கிளார்க் சம்சாரம் பேர் என்ன என்று அவசரமாகக் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. வீரராகவனின் நாக்கில் தயாராக இருந்த பொம்பளைப் பெயர் அது ஒன்றுதான்.

இதைக் கேட்டால் அவள் சிரித்துவிடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். சரோஜா அந்த நீலப் புடவைக்காரியாக இருந்திருந்தால்கூட சுசீலாவுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"மிஷின பேர் சொல்லிக் கூப்புடறீங்க. என்னிய இன்னான்னு கூப்புடறீங்க?"

வீரராகவன் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்து, "இந்தான்னு" என்றார்.

மறுநாள் காலையில் சுசீலா பெட்டியோடு கொரட்டூரில் இருந்த அண்ணன் ஆனந்தன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஆடிக்குப் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று குழாயடியில் சிரித்தார்கள். புஷ்பாவிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள். இந்தக் கதையில் பின்பாதியை நான் படித்தாயிற்று, முன்பாதியைத்தான் சரியாகப் படிக்கவில்லை. அந்த மனுஷன் முதலிலிருந்து வரட்டும், முறையாகப் பெண் பார்க்கட்டும், பிடித்திருந்தால் வருகிறேன் என்றாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் விஷயம் ஷாப்புக்குள் போய்விட்டது. சுசீலா வேண்டியதும் அதுதான்.

கொரட்டூரில் ஆனந்தன் சைக்கிள் கடை வைத்திருந்தான். தங்கை வந்த காரணத்தைக் கேட்டதும் முதலில் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவனுக்கே அதில் ஒரு சுவாரசியம் தட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே வீரராகவன் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்று இருமியபோது, அவரை உள்ளே விடாமல் ஆனந்தன் பணிவாகச் சொல்லி அனுப்பினான்: "ஆடியில யாரும் பொண்ணு பாக்க மாட்டாங்க. ஆவணி பொறக்கட்டும், நல்ல நாளா பாத்து வாங்க."

மிச்ச ஆடியை வீரராகவன் கேன்டீன் சாப்பாட்டில் ஓட்டினார். ராத்திரிக்குத் தானே ரசம் வைத்தார். அது என்ன நிறத்தில் வந்தது என்று பால்ராஜ் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆவணி முதல் ஞாயிறு அவர் வந்தார். சலவை வேட்டி, தலை நிறைய எண்ணெய், தட்டில் பழம், பூ, வெற்றிலை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராகப் பால்ராஜ். கூப்பிடாமலே புஷ்பா. ஆனந்தன் ஜமக்காளம் விரித்து எல்லாரையும் உட்கார வைத்தான்.

"மாப்ளைக்கு இன்னா வேலை?"

"இன்னா மச்சான், தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்க. இப்பத்தானே மொத தடவ பாக்கறோம்."

வீரராகவன் பால்ராஜைப் பார்த்தார். பால்ராஜ் கூரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் வேலை, சர்வீஸ், சொந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் என்று எல்லாவற்றையும் மாப்பிள்ளையே ஒப்பித்தார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

உள்ளே அண்ணி சாமுண்டீஸ்வரி சுசீலாவின் தலையில் மல்லிகையை வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதில் இதென்ன கூத்து என்று சுசீலா சொன்னாள், ஆனால் இன்னும் ஒரு முழம் வைக்கத் தலையைக் காட்டினாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் அவள் பார்த்தது இரண்டு பாதங்களை மட்டும்தான். இந்த முறை கேசரித் தட்டோடு நிமிர்ந்து வந்தாள். முகத்தை நேராகப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஷேவ் செய்தபோது தாடையில் வெட்டிக்கொண்டிருந்தார். அது எப்போதும் வெட்டிக்கொள்ளும் இடம்தான்.

பால்ராஜ் தொண்டையைக் கனைத்தான். "பொண்ணு பேரு என்னன்னு மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

வீரராகவன் வேட்டி நுனியைச் சரி செய்தார்.

"சுசீலா" என்றார்.

அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், ஒன்று கேட்க வேண்டும் என்று வாரக்கணக்காக அவள் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முந்திரி ஒன்று உருண்டு ஜமக்காளத்தில் விழுந்தது. புஷ்பா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை எதிர்பாராத காரியம் செய்தார். "பொண்ணுகிட்ட நானும் ஒண்ணு கேக்கணும்" என்றார். "எம் பேரு இன்னான்னு சொல்லச் சொல்லு."

சுசீலா திகைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா வளர்த்த வளர்ப்பு. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் சொல்ல வைப்பாள்.

"திருவள்ளூர்ல படுத்துகினு கீறாரே, அந்த சாமி பேரு" என்றாள்.

"சாமிய நான் கேக்கல" என்றார் வீரராகவன். அவர் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. அப்படி ஒன்று அந்த முகத்தில் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சுசீலா "வீர" வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தட்டை அண்ணன் மடியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். மிச்சப் பெயரை அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி வெளியே போய், பெண்ணுக்குச் சம்மதம் போலத்தான் தெரிகிறது, ஆனாலும் யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னாள். யோசிப்பதற்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் சுசீலா அண்ணன் வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு வாரம் யோசிக்கலாமா என்று கேட்டபோதுதான் அண்ணி பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

வீரராகவன் ஆவடி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அடிக்கடி அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வீட்டுக் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

நாவலில் புதுப்பெண் வரும் வீடெல்லாம் புது வர்ணம் பூசியிருக்கும் என்று புஷ்பா அவரிடம் சொல்லியிருக்கிறாள். வேலை விட்டு வந்து சாயங்காலங்களில் அவரே பிரஷ் பிடித்திருக்கிறார். சமையலறைக் கதவு, ஜன்னல், அலமாரி, அரிசி டின், மணைப்பலகை, எல்லாவற்றுக்கும் ஒரே வர்ணம். நாளெல்லாம் கண்ணெதிரில் பார்த்த வர்ணத்தைக் கடைக்காரரிடம் தேடிக் கேட்டு வாங்கியிருந்தார். டாங்கிக்கு அடிக்கும் பச்சை.

சுசீலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சண்டைக்குப் போற மாதிரி கீது" என்றாள்.

"புடிக்கலியா, சுசீலா?"

அவள் உள்ளே போனாள். அலமாரி இன்னும் காயவில்லை. முந்தானை ஒட்டிக்கொண்டு பச்சையானது. அது நல்ல புடவை, போன தீபாவளிக்கு எடுத்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டு, எதையும் தொடாமல் நடப்பது எப்படி என்று அவள் கேட்டாள். அவர் முன்னால் நடந்து, எது காய்ந்தது, எது காயவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.