இரண்டாவது கட்டம் காலியாக இருந்த அட்டை

காலை பதினொன்று இருபதுக்கு எங்கள் பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. உடுமலைப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். கோயமுத்தூரில் என் மகள் கவிதா படிக்கும் பல்கலைக்கழகத்தின் மகளிர் விடுதியிலிருந்து ஒரு பெண் குரல்: "கவிதாவை யுனிவர்சிட்டிக்கு எதுத்த ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம், குடல்வால்னு சொல்றாங்கம்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும். கையெழுத்துப் போட கார்டியன் வேணும், அவங்க வீட்டுல யாரும் போனை எடுக்கலை..." அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கவிதாவுக்கு அப்போது பதினேழு வயது. தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

தோப்பில் இருந்த என் வீட்டுக்காரருக்கு ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, பதினொன்று நாற்பத்தைந்துக்குக் கோவை பஸ்ஸில் ஏறினேன். பொள்ளாச்சி வழியாக எழுபது கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய் டிக்கெட். 1996, ஆடி மாதம். கோமங்கலம் தாண்டும்போது காற்று ஜன்னல் தகரத்தை அடித்துக்கொண்டே வந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"ஏனுங்க, எத்தனை மணிக்குப் போய்ச் சேருமுங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"நாலாவது தடவையாக் கேக்கறீங்க அம்மா. நீங்க கேட்டா வண்டி வேகமாப் போகுதுங்களா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்னே முக்காலுக்கு உக்கடத்துல எறக்கிப்போடறனுங்க" என்றார்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குப் பொள்ளாச்சி. பஸ் பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்ப் பீளமேட்டுக்குப் போட்டேன். கவிதாவின் கார்டியன் என் ஒன்றுவிட்ட அண்ணன்தான், பம்ப் கம்பெனி நடத்துகிறவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுதி எண்ணும் கிடைக்கவில்லை. கையெழுத்து இல்லாமல் பிள்ளை படுத்துக் கிடக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் கிணத்துக்கடவு வரைக்கும் நானே கற்பனை செய்துகொண்டேன்.

அந்த வழியில் ஜூன் மாதம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

சேர்க்கை நாளன்று அந்த வளாகத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். துறைக் கட்டடத்தின் நீண்ட நடையில், ஒவ்வொரு கதவிலும் இருந்த பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே போனேன். வங்காளப் பெயர், மலையாளப் பெயர், ஆந்திரப் பெயர், எந்த ஊர் என்றே பிடிபடாத பெயர். நம்மாளு பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான் என் தேடல். விடுதியில் அறைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கவிதாவோடு மணிப்பூரிலிருந்து தோய்பி, கீழக்கரையிலிருந்து நஸீமா. எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளை வரைபடத்தில் மணிப்பூரைக் குறிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டவள் நான். அந்தப் பெயரை அந்தச் சுவரில் பார்த்ததும் வார்டன் அறையைத் தேடிப் போனேன்.

வார்டன் சரோஜா, பயிர் நோயியல் பேராசிரியை. "நம்ம பக்கத்துப் பொண்ணுங்க இருக்கற ரூமா மாத்திக் குடுங்களே" என்றேன். விண்ணப்ப எண் வரிசைப்படிதான் அறை என்றார். பிறகு, எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பது போல, மரியாதையாகவே கேட்டேன்: "அம்மா எந்தப் பக்கமுங்க? யாரு வகைங்க?"

"வாணியம்பாடி. எங்கப்பா தோல் கம்பெனியில கூலி வேலை செஞ்சாரு. நீங்க கேக்கறது அதானே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வரவழைத்த டீ ஆறிப்போகும்வரை வைத்திருந்துவிட்டு எழுந்தேன்.

விடுதி அட்டையில் கார்டியனுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. "இன்னொருத்தர் பேரும் எழுதுங்கம்மா. பக்கத்துல இருக்கறவங்களா இருந்தா நல்லது" என்றார். பக்கத்தில் நம்மாளு யாரும் இல்லை என்று அதைக் காலியாக விட்டேன்.

ஒன்று ஐம்பதுக்கு உக்கடம். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். காரணம் சொன்னதும், "ஏறுங்க, முப்பது குடுங்க போதும்" என்று கிளப்பினார். இரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரி.

மாடி வராந்தா பெஞ்சில் கவிதாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு சின்ன உருவமாக ஒரு பெண் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அம்மா, உக்காருங்க. ஆபரேஷன் முடிஞ்சுதுங்க. கவிதா நல்லா இருக்காங்க."

அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தலையில் துணி போட்டிருந்த பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நஸீமா. "இந்தத் தோய்பி எங்ககிட்டயும் 'ங்க' போட்டுத்தாம்மா பேசுறா. கேன்டீன் பூனையக்கூட 'வாங்க'ங்கிறா. எல்லாம் உங்க பொண்ணு பழக்கிவிட்டது" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

கையெழுத்து யார் போட்டது என்று கேட்டேன். நஸீமா உள்ளே கையைக் காட்டினாள்.

பன்னிரண்டு மணிவரை பீளமேட்டுக்கு முயன்றுவிட்டு, இனித் தாமதித்தால் வெடித்துவிடும் என்று டாக்டர் சொன்னதும், தன் பொறுப்பில் என்று எழுதி சரோஜா கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏதாவது ஆகியிருந்தால் அவர் வேலைக்கே வினை. கவிதாவின் கட்டில் ஓரம் நின்று ட்ரிப்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்குக் கவிதா கண் விழித்து, "அம்மா, ஸ்கூலுக்கு லீவு சொன்னியா?" என்றாள்.

அதன்பிறகு சரோஜா எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். சூடாகவே குடித்தேன். அவர் விடுதியிலிருந்து கொண்டுவந்திருந்த அட்டை மேசையில் கிடந்தது. பேனாவை எடுத்து, "ரெண்டாவது கட்டத்துல உங்க பேரை எழுதிக்கட்டுங்களா?" என்றேன்.

"வார்டன் பேரை எழுத விதி இல்லையேம்மா."

"அப்போ இந்தப் பொண்ணுங்க பேரு?"

"அதுக்கு அவங்களுக்கு இருபத்தொண்ணு ஆகணும்" என்றார். நஸீமா, "அதுவரைக்கும் அவளுக்கு வேற நோவு வராம பாத்துக்கிறோம்" என்றாள். அட்டையை அப்படியே வைத்துவிட்டேன்.

எழுபது கிலோமீட்டர்தான் வந்திருந்தேன். ஊரில் காய்ச்சல் என்றால் சொந்தக்காரர் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள், அது பொய்யில்லை. ஆனால் அந்த வாசலுக்கு வெளியே ஒரு நாள் பிள்ளை விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று, படித்த நான் ஒரு தடவையும் யோசித்ததில்லை.

ஐந்து நாற்பதுக்குக் கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கோயில் விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்த அண்ணன், வீடு திரும்பியதும் சேதி தெரிந்து, பட்டு வேட்டி, சந்தனப் பொட்டோடு அப்படியே மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு நிமிர்ந்து, சரோஜாவை, நஸீமாவை, தோய்பியை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஏன் அம்மணி, இத்தனை பெரிய காலேஜுல, கூட நிக்க நம்மாளு ஒருத்தருகூடவா இல்லை?"