ரிலீவ் செய்யப்பட்டவர்

தொழிலாளிக்குத் தரும் எந்த உத்தரவும் ஆங்கிலத்திலும், அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையின் நிலையாணை அப்படித்தான் சொன்னது, ஆங்கிலத்தில்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவு அதிகாரியாக இருந்தேன். தலைமை அலுவலகம் எல்லைக்கு அப்பால், பெங்களூரில். அங்கிருந்து பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஒற்றை வரி உத்தரவு வந்தது. வரும் திங்கள் முதல் அவர் ‘ரிலீவ்’ செய்யப்படுகிறார். எங்கே போக வேண்டும், அவர் இடத்துக்கு யார் என்பதெல்லாம் அதில் இல்லை.

ஆள் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வேலையில் தமிழ். ஓய்வு பெற ஓராண்டுதான் பாக்கி. அந்த வயதில் வெளியே அனுப்பினால் சிப்காட்டில் வேறெந்தத் தொழிற்சாலை கேட்டும் அவருக்குத் திறக்காது.

வேலையிலிருந்து அனுப்புவதும் ரிலீவ்தான், வேறு பிரிவுக்கு மாற்றுவதும் ரிலீவ்தான். அகராதியைக் கேட்டால் வலி தணிவதையும் சேர்த்துக்கொள்ளும். இதில் எது என்று சொல்லும் அதிகாரம் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே உண்டு. விளக்கம் கேட்டு எழுதினேன். பதில் வரும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொன்னேன்.

அவர் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நான் வரலைன்னா நைட் ஷிப்ட்காரனை யாரு சார் ரிலீவ் பண்றது? ஆள் வராம மிஷினை உட்டுட்டுப் போனா அவனுக்கு மெமோ குடுக்கறதும் நீங்கதானே?”

கொடுத்திருக்கிறேன். நிலையாணைப்படி அது கடும் ஒழுங்கீனம். திங்களன்று அவர் வந்தார். தெளிவான உத்தரவில்லாமல் டைம் ஆபீஸ் யாருடைய வருகைக் கார்டையும் எடுக்காது. கார்டு இருந்தது, பஞ்ச் செய்தார், மிஷினில் நின்றார்.

மதுரைக்காரரான ஃபோர்மேன் டீ நேரத்தில், “இங்கிலீஷ்ல போய்ட்டீக, தமிழ்ல இன்னும் இங்கனதாண்ணே இருக்கீக” என்றார். எல்லோரோடும் சேர்ந்து ஆபரேட்டரும் சிரித்தார். ஆனால் பெங்களூர் தபால் வரும் நாட்களில் கேன்டீனுக்குப் போகிற வழியில் என் அறை வாசலில் நிற்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

நினைவூட்டல்களை முறைப்படி, சாதாரணத் தபாலில் அனுப்பிவந்தேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். வாய்மொழி விளக்கம் செல்லாது. தவிர, கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கடைசியில் விளக்கம் வந்தது. அவரை வேலையிலிருந்து அனுப்பும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை, பேக்கிங் பிரிவுக்கு மாற்றம் மட்டுமே, தாமதமின்றி அங்கே சேர வேண்டும் என்றிருந்தது. கிடைத்த தேதியை அதன் மேல் குறித்தேன். அவர் ஓய்வு பெற்றதற்கு மறுநாள்.