கசிமீரோவின் வலதுகை நகங்கள்

ஸ்பெயினின் ஹெரேஸ் ஊரில் ஒற்றைப் பீப்பாயில் தொடங்கிய நான் இன்று மூன்று மதுக்கடைக்குச் சொந்தக்காரன். இரண்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. யாரிடமும் கைகட்டி நின்றதுமில்லை. முயன்றால் எதுவும் வரும் என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்வேன். என் கடைக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார் கசிமீரோவுக்கும் அதையே சொன்னேன்.

அவன் மனைவி ரெமேதியோஸ் எங்கள் பக்கத்து ஃபிளமெங்கோ பாட்டுப் பாடுவாள். அவளுக்குக் கிட்டார் வாசித்தது அவள் அண்ணன். அவர் செத்த பிறகு அவள் பாடவே இல்லை. அவளை மறுபடி பாடவைக்க வேண்டும் என்றுதான் ஐம்பத்திரண்டு வயதில் கசிமீரோ அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தான்.

அந்தப் பாட்டுக்கு விரல்களை ஒவ்வொன்றாக உதறி, நகத்தால் நரம்புகளை வாரவேண்டும். சுண்ணாம்போ நகத்தைத் தின்றுவிடும். அதனால் நகத்தின்மேல் பசை தடவி, மெல்லிய காகிதம் ஒட்டி, மேலே மறுபடி பசை பூசுவான். வலதுகையில் மட்டும் உறை மாட்டிக் கலவை குழைப்பான்.

“என்னப்பா, ராணிக்குக் கை குடுக்கப் போறியா?” என்பார்கள் சாரத்தில் நிற்பவர்கள்.

“சிரிங்கடா. உங்க பொண்டாட்டிங்க பாடினா நாய்தான் ஓடும்.”

இரண்டு வருடம் தனியாகவே சாதகம். ஃபிளமெங்கோ தாளத்தின் பன்னிரண்டு எண்ணிக்கையைக் காலால் தட்டித் தட்டிக் கடிகாரமாகவே ஆகிவிட்டான். பிசகே இல்லை என்று நானே சான்று சொன்னேன்.

என் பேத்தியின் ஞானஸ்நான விருந்தில் ரெமேதியோஸ் பாடச் சம்மதித்தாள். எல்லோரும் கைதட்டித் தாளம் பிடித்தோம். மூன்றாவது அடியில் அவள் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தினாள். அவள் அதை இறக்கி வைக்கும்வரை கிட்டார் அங்கேயே சுற்றிக் காத்திருக்க வேண்டும். அவனோ பழகியபடி அடுத்த அடிக்குத் தாவினான். அவள் சொல்லைப் பாதியில் விழுங்கினாள். மறுபடி இழுத்தாள், மறுபடி தாவினான்.

எங்கள் பக்கம் பாட்டு கெட்டால் யாரும் ஏச மாட்டார்கள். கைதட்டல் ஒவ்வொன்றாக நிற்கும். நானும் நிறுத்தினேன். கசிமீரோவின் விரல்கள் நரம்பின்மேலேயே நின்றுபோயின.

ரெமேதியோஸ் விரல்முட்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே மிச்சத்தைத் தனியாகப் பாடி முடித்தாள்.

“நாளைக்கு இன்னொரு தடவ பாப்போம், ரெமே” என்றான் கசிமீரோ.

“வேண்டாம். நீ என் பாட்டைக் கேக்கவே இல்ல, எண்ணிக்கிட்டே இருந்த. அண்ணன் கண்ணு என் வாயிலயே இருக்கும். எனக்கு இனிமே பாட்டு வேண்டாம், கசிமீரோ” என்றாள்.

வாசலில் அவன் என்னிடம் கேட்டான்: “முயன்றா வரும்னீங்களே, அண்ணே?”



திங்கட்கிழமை அவன் உறையில்லாமல் கலவை குழைத்தான். ஒட்டிய காகிதம் உரிந்து சுண்ணாம்போடு போயிற்று. சாரத்திலிருந்து ஒருவரும் கேலி பேசவில்லை.