நபீலா சொன்ன ‘வொஷ்ட்’

முப்பத்தொரு வருடம் அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை வருடமும் ஒரு விஷயத்தைப் பிழையாகவே படிப்பித்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, எல்லோர் முன்னிலையிலும் இன்னொருத்தியைத் திருத்தப் போய்த்தான் அது எனக்குத் தெரியவந்தது.

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மாலை அசர் தொழுகை முடிந்து பதினைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஒருத்தி நபீலா. குவைத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சுப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை இன்டர்வியூ. அதற்குப் பயிற்சியாக, குவைத்தில் செய்த வேலைகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன்.

எழுந்து நின்று மளமளவென்று தொடங்கினாள். “ஐ குக்ட், ஐ வொஷ்ட், ஐ க்ளீன்ட்...”

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். “நபீலா, பாஸ்ட் டென்ஸ் வேர்ப்ட கடைசியில இ, டி எண்டு ரெண்டு எழுத்து இரிக்கி. அத முழுங்கப்படாது. குக்கெட். வொஷ்ஷெட். எங்க, சொல்லுங்க பாப்பம்.”

“அங்க மேடம் வொஷ்ட் எண்டுதான் சொல்லுவா, டீச்சர்.”

“வீட்டுக்குள்ள எப்படியும் கதைப்பாங்க. இன்டர்வியூல படிச்ச இங்கிலீஷ் கதைக்கோணும்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நபீலா மூன்று தரம் ‘வொஷ்ஷெட்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாகப் படியிறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் என் மனதை விட்டுப் போகவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே போனில் அகராதியைத் திறந்து, ஒலி கேட்கும் இடத்தைத் தொட்டேன். ‘வொஷ்ட்’ என்றது. ‘குக்ட்’ என்றது. ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தட்டிக் கேட்டேன். எல்லாம் நபீலா சொன்னபடியே வந்தன.

கீழே விதியும் இருந்தது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு வினைச்சொல்லைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘வொஷ்’, ‘குக்’ போல அதிர்வில்லாமல் முடிந்தால் இறுதியில் வன்மையான ட். ‘க்ளீன்’ போல அதிர்ந்து முடிந்தால் மென்மையான ட். ‘வெயிட்’, ‘நீட்’ போல ஏற்கெனவே அந்த ஒலிகளில் முடியும் சொற்களுக்கு மட்டும் ‘வெயிட்டட்’, ‘நீடட்’ என்று ஓர் அசை கூடும். தமிழில் எழுதினால் வன்மைக்கும் மென்மைக்கும் ஒரே எழுத்துத்தான். காதால்தான் பிடிக்க வேண்டும். நானோ ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவள். எனக்குப் படிப்பித்தவர்களும் அப்படித்தான் படித்திருப்பார்கள்.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

“வாங்க டீச்சர், இரிங்க.”

“இரிக்கிறது பிறகு. நேத்து நீங்க சொன்னதுதான் சரி, நபீலா. நான்தான் பிழை.”

“நான் நாளைக்குப் போறல்ல எண்டு முடிவெடுத்திட்டன், டீச்சர். பதினொரு வருஷமாப் பிழையாக் கதைச்சிக்கிட்டு இருந்திருக்கன் எண்டு நெனைக்க வெக்கமாப் போயிட்டு.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு சொல்லைத் திருத்துகிறேன் என்று ஒரு மனுசியின் பிழைப்பிலேயே கை வைத்திருக்கிறேன்.

“இத யார்ட்டப் படிச்சீங்க?”

“அந்த வீட்டுல நான் பாத்துக்கிட்ட ரெண்டு புள்ளைகள்ட்டத்தான். வொஷ்ஷெட் எண்டு சொன்னா என்ட வாயப் புடிச்சி, வொஷ்ட் எண்டு சொல்ல வெப்பாங்க.”

“அப்ப அந்தப் புள்ளைகள் சொல்லித் தந்த மாதிரியே நாளைக்குக் கதைங்க. நான் சொன்னத மறந்திருங்க.”

பிளேன்டீ குடித்துக்கொண்டே இரண்டு மணித்தியாலம் பயிற்சி செய்தோம். அவள் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். என் நாக்குத்தான் அடிக்கடி பழைய பாதையில் போனது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது.

“டீச்சர், அல்ஹம்துலில்லாஹ், வேல கெடச்சிட்டு! கோவப்பட்ட ஆக்களோட எப்படி நடந்தீங்க எண்டு கேட்டாங்க. ‘ஐ லிசன்ட், ஐ வெயிட்டட், ஐ ஹெல்ப்ட்’ எண்டு சொன்னன்.”

அகராதி சொன்ன மூன்று விதமும் ஒரே பதிலில் இருந்தன.

அடுத்த சனிக்கிழமை, அதே பதினைந்து பேர் முன்னால், போன கிழமை நபீலாவிடம் நான் சொன்னது பிழை என்றேன். வகுப்பைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டர் வந்தபோதும் என் குரல் அப்படி நடுங்கியதில்லை. அவளை முன்னால் அழைத்தேன். அவள் சொல்லச் சொல்ல நாங்கள் எல்லோரும் திருப்பிச் சொன்னோம்.

இப்போது புதிதாகப் படிப்பிக்க வரும் இளம் ஆசிரியைகளிடம் நான் சொல்வது இதுதான். ஒருவரை எந்தச் சபையில் பிழையாகத் திருத்தினீர்களோ, அந்தச் சபையிலேயே உங்கள் பிழையைச் சொல்லிவிடுங்கள். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது.

எனக்கு எழுத்தறிவித்தவர்களுக்காக ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் இறைவனிடம் துஆக் கேட்பது என் வழக்கம். அந்தப் பெயர்களோடு இப்போது நபீலாவின் பெயரையும் சேர்த்துக் கேட்கிறேன்.