கேசட் அட்டையில் இருந்த பெயர்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு லோரி பட்டறையில் வேலை செய்துகொண்டே, ஒரு ஹெவி மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்து வந்தேன். நாங்கள் நான்கு பேர். முடி தோளுக்குக் கீழே தொங்கும். பாட்டு மட்டும் தமிழில். காஜாங், செந்தூல் என்று கூப்பிட்ட மண்டபத்துக்கெல்லாம் போனோம். எங்களுக்கென்று ஒரு கூட்டமே இருந்தது.

முதல் கேசட்டைப் பதிவு செய்ய பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவை எடுத்திருந்தோம். அதற்கு ஒரு வாரம் முன்னால் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. எனக்குப் பதிலாக செந்தூலிலிருந்து ஒரு நண்பன் வந்தான். அதிகம் பேசமாட்டான். ஆறே நாளில் எட்டுப் பாட்டையும் பிடித்துக்கொண்டான். மூன்றாவது பாட்டில் ஒரு நிமிடம் டிரம்ஸ் மட்டும் வரும். மாவுக்கட்டுப் போட்ட கையோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அப்படி வாசிக்க வராது என்று அன்றே தெரிந்தது.

என் பெயரும் படமும் போட்டு அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தது. அடுத்த கேசட்டில் உன் பெயரைப் போட்டுவிடலாம் என்று அவனிடம் சொன்னோம். தலையாட்டினான். இரண்டு மாதம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் லோரி மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனான்.

அடுத்த கேசட் வரவேயில்லை. குழு கலைந்தது. பாடியவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். மற்ற இருவரோடும் தொடர்பு விட்டுப்போனது. ஆனால் அந்த ஒரு கேசட் மட்டும் நகலுக்கு நகலாக பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தது. எங்கே போனாலும் அந்த மூன்றாவது பாட்டைச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சில வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படி நாலைந்து ரசிகர்கள் என்னைச் சூழ்ந்து நின்றார்கள். அப்போது இறந்துபோன அந்த நண்பனுடைய அம்மா தன் மகளோடு வந்தார். கூடவே அவர்களுடைய சொந்தக்காரர்கள் இரண்டு பேர்.

"தம்பி, அந்த கேசட்ல அடிக்கறது என் மவன்தான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. புத்தி கலங்கிப் போச்சுன்னு பேசறாங்க. நீயே ஒரு வார்த்த சொல்லுப்பா" என்றார்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "அப்ப யார் யாரோ அடிச்சோம் ஆன்டி, சரியா ஞாபகம் இல்ல" என்றேன். சொந்தக்காரர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். அம்மா கொஞ்ச நேரம் என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகள் அவரை மெல்ல அழைத்துக்கொண்டு போனாள். நான் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அந்தக் கேசட்டைச் சிடியாகப் போட கேசட் கம்பெனி என் கையெழுத்தைக் கேட்டது. டிரம்ஸ் வாசித்தவன் பெயரைப் போட்டால்தான் கையெழுத்து என்றேன். அங்கே இருந்தவர், "பழைய பேரே இருக்கட்டும் லா பாஸ், யாரு பாக்கப் போறா" என்றார். நான் விடவில்லை. மாற்றினார்கள்.

முதல் சிடியை எடுத்துக்கொண்டு செந்தூலில் அவர்கள் இருந்த ஃபிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன் தங்கை. அம்மா போன வருடமே தவறிவிட்டதாகச் சொன்னாள். உள்ளே வரச் சொல்லவில்லை. சிடியை வாங்கி, அட்டையில் இருந்த அண்ணன் பெயரைப் படித்தாள்.

"அம்மா கடைசி வரைக்கும் அந்த கேசட்ட கேட்டாங்க அண்ணே. ஆனா அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம், இது என் மவன்னு யார்கிட்டயும் சொல்றத விட்டுட்டாங்க" என்றாள்.

இன்றும் அந்தப் பாட்டைப் புகழ்ந்து யாராவது கை நீட்டினால், அடித்தது நான் இல்லை என்று உடனே சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்ல வேண்டிய அன்று, சொல்ல வேண்டியவர் முன்னால் வாயை மூடிக்கொண்ட பாரம் அதனால் கொஞ்சமும் குறையவில்லை.